இருட்டிலும் தெரிந்த கடைசி வரி

கண்ணாடிக் கடையின் முன்பகுதியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று சுவர்களிலும் சட்டங்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஒரு விளக்கு. விளக்குக்கு எதிரே ஒரு நிலைக்கண்ணாடி. அதில் தம் முகத்தைத் தாமே மெச்சிக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். அந்தப் பகட்டையெல்லாம் தாண்டிப் பின்னால் போனால் ஒரு கறுப்புத் திரை. திரைக்குப் பின்னே இருப்பதுதான் கண் பார்க்கும் அறை. அதற்குச் சன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்புச் சாயம். ஒரு கோடியில் உயரமான நாற்காலி. மறுகோடியில், உள்ளே விளக்கு எரியும் பெட்டியின் முகப்பாக ஓர் எண்பலகை. எழுத்து அறியாதவர்களும் எண் அறிவார்கள் என்று முதலாளி அதைப் பார்த்து வாங்கி மாட்டியிருந்தார். உச்சியில் பானை அளவுக்கு ஓர் ஏழு. வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் எறும்பு ஊர்வதுபோல் சில எண்கள்.

அந்த அறையில் கண் பார்ப்பவரை, திரைக்கு இந்தப்புறம் வேலை செய்பவர்கள் ‘இருட்டறை அண்ணன்’ என்பார்கள். பட்டப்பெயர்தான் என்றாலும் பொய்யில்லை. காலையில் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், கடை அடைக்கும்போதுதான் அவர் முகம் வெளியே தெரியும். வருகிறவர்களை நாற்காலியில் அமர்த்தி, மூக்கின்மேல் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, “இதுல தெளிவா இருக்கா? இப்ப, இதுல?” என்று கேட்பது அவர் தொழில். தெளிவு, மங்கல், தெளிவு என்று மாறி மாறிச் சொல்லிவந்தவர்கள் ஒரு கட்டத்தில் எல்லோரும் ஒரே பதிலுக்கு வந்துசேர்வார்கள்: “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.” அந்தப் பதில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். அதற்குமேல் மாற்றிப் பயனில்லை.

யாராவது ‘டாக்டர்’ என்று அழைத்தால், “நான் டாக்டர் இல்லீங்க, கண்ணாடிக்கு அளவெடுக்கிறவன்” என்று திருத்துவார். “சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரியா?” என்று கேட்டால், “அதே மாதிரிதான். ஆனா வளர்ற பிள்ளைன்னு கொஞ்சம் லூசாத் தைக்கச் சொன்னா முடியாது” என்பார். மனைவி உயிரோடிருந்த காலத்தில் அந்த நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார். இப்போது சிரிப்பு நின்றுபோய், சொல் மட்டும் பழக்கத்தால் வந்துகொண்டிருந்தது.

மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு காலையில் தலை வலிக்கிறது என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டு படு என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்கு வந்தார். மாலையில் திரும்பியபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மூன்று வயதுக் குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்து, “அம்மா தூங்குது” என்றது. மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்தாள், கண் திறக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அவர் அழுவார் அழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். “கல்லு மாதிரி நிக்கிறானே” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தவறு என்று அவருக்குத் தோன்றவில்லை. கண்ணில் அழுத்தம் பார்ப்பதற்கு முன், மரத்துப்போவதற்கென்று ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். விட்டபின் கருவி விழியைத் தொடுவது தெரியும், வலிக்காது. அந்தச் சொட்டு அரைமணி நேரத்தில் தெளிந்துவிடும். அவருக்கு விட்ட சொட்டு தெளியவேயில்லை.

ஒன்று மட்டும் மாறியது. குழந்தை கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டினால் அவருக்கு மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டில் விடலாம், மனைவியின் தங்கை வீட்டில் விடலாம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் “பார்க்கலாம்” என்றார். அவருடைய ‘பார்க்கலாம்’ என்பதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள் என்பதை உறவினர்கள் நாளடைவில் புரிந்துகொண்டார்கள். குழந்தையை முதலில் நாள் முழுவதும், பள்ளியில் சேர்த்தபின் பள்ளி விட்டதும், நேரே கடைக்கு அழைத்துவந்துவிடுவார். இருட்டறையின் மூலையில் அவளுக்கென்று ஒரு குட்டி மேசை. அதன்மேல், வெளிச்சம் வெளியே சிந்தாதபடி மூடி போட்ட ஒரு சின்ன விளக்கு. அந்த விளக்கு வட்டத்துக்குள் அவள் வரைந்தாள், படித்தாள், பொம்மைக்குச் சோறூட்டினாள், கன்னத்தை மேசைமேல் வைத்துத் தூங்கினாள். விடுமுறை நாளிலும் அதே மேசைதான். சட்டம் விற்கும் பெண் அவளுக்குக் ‘கடைக்குட்டி’ என்று பெயர் வைத்தாள்.

கடைக்குட்டி எண்ணக் கற்றுக்கொண்டதே அந்தப் பலகையைப் பார்த்துத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை வாயில் வருவதற்கு முன்பே, “ஏழு, நாலு ரெண்டு, ஒம்பது மூணு அஞ்சு” என்று பாட்டுப்போல் சொல்லுவாள். கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் பிள்ளையின் கண்ணை அசட்டை செய்தவரல்லர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆட்கள் ஓய்ந்த நேரத்தில், அவளை உயரமான நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுவார். உச்சி ஏழிலிருந்து எறும்பு வரிவரை அவள் தடங்கலின்றிப் படிப்பாள். முடித்ததும் அவர், “சபாஷ்” என்பார். அந்த ஒரு சொல்லில் மட்டும் அவருடைய பழைய குரல் இருக்கும். கடைசி வரிவரை வந்துவிட்ட கண்ணுக்குள் ஒளி அடித்துப் பார்க்கும் தேவை இல்லை என்று விட்டுவிடுவார். பள்ளியில் ஆண்டுதோறும் நடக்கும் கண் சோதனைக்கும் அவளை நிறுத்தவேண்டாம், தாமே பார்த்துவிடுவதாக ஆசிரியையிடம் சொல்லிவைத்திருந்தார். ஆசிரியைக்கும் அது நியாயமாகவே பட்டது. குள்ளமான பிள்ளை என்று முதல் வரிசையில் உட்கார வைத்திருந்ததால் கரும்பலகை தெரியும் என்றே நினைத்தார்கள்; அவள் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்தே எழுதிவந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு ஏழு வயது நிறைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு பிற்பகலில் பலகைக்குப் பின்னால் எரியும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, குனிந்து, பழைய குழலைக் கழற்றிப் புதியதைத் திருகிக்கொண்டிருந்தார். முன்பக்கம் எப்படியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“பாப்பா, இப்ப தெரியுதா பாரு.”

மூலை மேசையிலிருந்து தலையைத் தூக்கி அவள், “ம்” என்றாள்.

“நல்லாத் தெரியுதா? கடைசி வரி?”

“ஆறு ரெண்டு ஒம்பது, எட்டு மூணு, அஞ்சு நாலு.”

“சபாஷ்” என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்பக்கம் வந்தார். பலகை இருண்டிருந்தது. குழல் எரியவேயில்லை.

கை துடைத்த துணியை மடித்துப் பெட்டிமேல் வைத்தார். பிறகு சாதாரணக் குரலில், “லைட்டே எரியலியேம்மா. எப்படிப் படிச்ச?” என்று கேட்டார்.

“அது எனக்கு மனப்பாடம்தானே?” என்றாள் அவள்.

“எப்பவும் மனப்பாடமாத்தான் சொல்லுவியா?”

“ஆமா.” அவர் முகத்தில் என்ன தேடினாளோ, “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

“இங்க வர்றவங்க பாதி வரியில திணறுறாங்களே, அத நீ பார்த்ததில்லையா?”

“பார்த்திருக்கேன். பாவம், படிக்காம வந்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அவர் குழலைச் சரியாகப் பொருத்தி எரியவிட்டார். அவளை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தார். கண்மணிக்குள் ஒளிக்கீற்றை ஓடவிட்டு அளவு காணும் கைக்கருவியை எடுத்து, முதலில் வலக்கண், பிறகு இடக்கண் என்று பார்த்தார். உள்ளிருந்து திரும்பிவந்த செந்நிற ஒளி அவர் கை போன திசைக்கு நேரெதிராக நகர்ந்தது. கிட்டப்பார்வை. வில்லைகளை வைத்து வைத்து அது நிற்கும் இடம் வந்தபோது அளவு மைனஸ் நான்கைத் தொட்டிருந்தது. அவளுக்கு உச்சி ஏழுகூடப் புகைமூட்டமாகத்தான் தெரிந்திருக்கும். உலகம் அவளுக்கு முழங்கை அளவில் முடிந்துபோயிருந்தது. அவர் அந்த வில்லைகளைச் சோதனைச் சட்டத்தில் செருகி அவள் மூக்கில் மாட்டினார்.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அப்பா, உங்க தலையில வெள்ளை முடி இருக்கு” என்றாள்.

அவர் அளவைச் சீட்டில் குறித்துக்கொண்டார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்கே தோன்றியது.

அந்த வாரமே, அவர் வழக்கமாக நோயாளிகளை அனுப்பிவைக்கும் கண் மருத்துவரிடம் போனார்கள். மனைவியின் தங்கையும் உடன்வந்தாள். நகராட்சி அலுவலகமொன்றில் எழுத்தர். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் அம்மையார் விழியின் நீளம் காட்டிய தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிட்டா நான் எதுக்கு வந்தேன்?” என்றாள் தங்கை. “எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்.”

மருத்துவர் சிரித்தார். “கண்ணு பிறந்ததுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நீளமாகும். ஒரு அளவுக்கு வந்ததும் நிக்கணும். இந்தப் பிள்ளைக்கு நிக்காம வளர்ந்துட்டே இருக்கு. நீளம் கூடினா, தூரத்துல இருக்கிறது விழித்திரைக்கு முன்னாடியே விழுந்துடும். மங்கலாத்தான் தெரியும்.”

“யாரு நிக்கச் சொல்லணும்?”

“அது நல்ல கேள்வி. நல்ல வெளிச்சம் உள்ள போனா விழித்திரையில டோபமின்னு ஒண்ணு சுரக்கும். போதும், நீளாதேன்னு கண்ணோட சுவருக்குப் போற சேதியில அதுக்கு ஒரு பங்கு இருக்குங்கறாங்க. கோழிக்குஞ்சு, குரங்கெல்லாம் வச்சுப் பார்த்ததுல அப்படித் தெரிஞ்சிருக்கு. மனுசப் பிள்ளைங்களை வெளியில கூடுதலா விட்டுப் பார்த்ததுல, நிறைய பேருக்குக் கிட்டப்பார்வை வராமத் தள்ளிப்போயிருக்கு. உள்ள நடக்கிறது மொத்தமும் இன்னும் யாருக்கும் தெரியாது. அப்பா கண்ணாடி போட்டிருக்காரு, அதுவும் ஒரு காரணம். கிட்ட வச்சே பார்க்கிறதும் ஒண்ணு. ஆனா வெளிச்சம் பெரிய விஷயம்.”

“அப்ப இவ கண்ணுக்குப் ‘போதும்’னு சொல்ல ஆளே இல்லாமப் போச்சு.”

மருத்துவர் தாளை மடித்தார்.

“இன்னும் வராத பிள்ளைன்னா வெளியில விட்டாலே நல்ல பலன். வந்துட்ட பிள்ளைக்கு எவ்வளவு தடுக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சொட்டு மருந்து தர்றேன். பகல்ல தினமும் ரெண்டு மணி நேரமாவது வெளியில இருக்கட்டும். வெயில்ல வாட்ட வேண்டாம். மர நிழலே போதும். சூரியனை மட்டும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இந்த வேகத்துலயே போனா, வளர்ந்தப்புறம் விழித்திரை இழுபட்டு மெலிஞ்சுபோகும், கிழியவும் கிழியலாம். எனக்குக் கண்ணாடி நம்பர் பத்திக் கவலை இல்ல, அதுதான் கவலை.”

மருத்துவமனைப் படியில் இறங்கும்போது தங்கை கேட்டாள்: “மாமா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரியும்னா?”

“கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்லுவேன். பிள்ளையை வெளியில விளையாட விடுங்கன்னு.”

“ஊருக்குத்தான் உபதேசமா?” என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் குழந்தையின் புதுக் கண்ணாடி நழுவாதபடி காதருகே சரிசெய்த விரலில் இல்லை. “எங்க வீட்டு எதிர்ல மைதானம் இருக்கு. ஸ்கூல் விட்டதும் இவ அங்க வரட்டும். ராத்திரியும் என்கிட்டயே இருக்கட்டும். நீங்க வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாருங்க.”

“பார்க்கலாம்.”

“இந்தப் ‘பார்க்கலாம்’ என்கிட்ட வேணாம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பேன். அதுக்கப்புறமும் இவ அந்தக் குகைக்குள்ளதான் இருக்கான்னு தெரிஞ்சா, நானே வந்து பையோட தூக்கிட்டுப் போவேன். அக்கா இருந்தா என்ன சொல்லியிருப்பான்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

அவள் தூக்கிக்கொண்டு போவாள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. பிள்ளையை இருட்டில் வைத்திருந்தால் கண் போகும். வெளிச்சத்துக்கு அனுப்பினால் பிள்ளையே போய்விடும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கவேண்டும் என்று தேடியவர், தம் தொழிலில் ஊறியவர்களுக்கே தோன்றக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார். பிள்ளை வெளிச்சத்துக்குப் போகவேண்டாம். வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

மின்பணியாளரை வரவழைத்து, மூலை மேசைக்கு நேர்மேலே இரண்டு நீண்ட குழல் விளக்குகள் மாட்டினார். மேசையைச் சுற்றிக் கறுப்புத் துணியால் ஒரு மறைப்பும் போட்டார். அப்படியும் மறைப்பின் விளிம்பிலிருந்து வெளிச்சம் கசிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், “அங்க யாரோ வெல்டிங் பண்ற மாதிரி இருக்குங்களே” என்றார்கள். திரைக்குள் எட்டிப்பார்த்த சட்டம் விற்கும் பெண், “அண்ணே, இனி உங்களுக்கு வேற பட்டப்பெயர்தான் தேடணும்” என்றாள். பிறகு, “இந்த லைட் போதுமா?” என்றும் கேட்டாள்.

“கண் கூசுதே, போதாதா?”

“என் போன்ல வெளிச்சம் அளக்கிறதுக்கு ஒண்ணு இருக்கு. தரகர் வீடு காட்டும்போது நான் அத வச்சுத்தான் ரூம் ரூமா அளந்தேன். துல்லியமால்லாம் இருக்காது. ஆனா ஏமாறாம இருக்கலாம்.”

கைப்பேசியை மேசைமேல் மல்லாக்க வைத்தாள். எண் ஐந்நூறைத் தொட்டு அங்கேயே நின்றது. கடைக்குட்டி எண் என்றால் விடமாட்டாள். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு திரையைத் தாண்டி ஓடினாள். முன்பகுதியிலிருந்து, “இங்க எழுநூறு” என்ற குரல் வந்தது. சற்று நேரம் கழித்து இன்னும் தொலைவிலிருந்து, “அப்பா, நம்பர் ஓடுது. நிக்கவே மாட்டேங்குது. வந்து பாருங்களேன்” என்றாள்.

அவள் தெருவாசலில் இருந்தாள். அவர் நாற்காலியிலிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். மாலை நான்கு மணி. வாசலில் நேர்வெயில்கூட இல்லை, கூரைத் தகட்டின் நிழல்தான். அவள் நீட்டிய கைப்பேசியில் எண் பத்தாயிரத்தைத் தாண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிக் கடைக்குள் பார்த்தார். இத்தனை ஆண்டுகளாகக் கண்ணைப் பறிக்கும் பகட்டு என்று அவர் எண்ணியிருந்த முன்பகுதி, வாசலில் நின்று பார்க்கும்போது கிணற்றின் உட்புறம்போல் மங்கிக் கிடந்தது. அதற்கும் பின்னால் தம் அறை. கண் ஒரு வகையில் நல்ல வேலைக்காரன். படி குறைந்தாலும் முணுமுணுக்காமல் தன்னைச் சரிசெய்துகொண்டு வேலையைப் பார்த்துவிடும். வெளிச்சம் குறைந்துபோயிருக்கிறது என்று நமக்குச் சொல்லவே சொல்லாது. பாடமாக இதை அவர் என்றோ படித்ததுதான்.

“உள்ள இருக்கிறது பொய் வெளிச்சமாப்பா?” என்று கேட்டாள் அவள்.

“பொய் இல்ல. பத்தாது.”

அன்று கடை அடைக்கும் நேரத்தில் முதலாளியின் மேசைக்கு முன் போய் நின்றார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை என்பதால் முதலாளி கணக்கை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“வேலையை விடப் போறேன்னு மட்டும் சொல்லிடாதய்யா.”

“இல்ல முதலாளி. நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் என்னை விட்டுடணும். தினமும். அதுக்குப் பதிலா ராத்திரி ரெண்டு மணி நேரம் கூடுதலா இருந்து பார்க்கிறேன்.”

“நல்லாக் கேட்ட போ. ஸ்கூல் விட்டுப் பிள்ளைங்க வர்றதே அந்த நேரந்தான். நீ உன் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டா, ஊர்ப் பிள்ளைங்க கண்ணை யாரு பார்க்கிறது? நானா?”

“ஊர்ப் பிள்ளைங்களும் அந்த நேரத்துல இங்க வரக் கூடாது முதலாளி. வெளியில இருக்கணும்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று பார்த்தால், முகத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. “கண்ணாடிக் கடை வாசல்லயே நின்னு, கண்ணாடி போடாதீங்கன்னு கூவுற மாதிரி இருக்கு நீ பேசறது” என்றார். “ஏற்கனவே கல்யாண வீடு மாதிரி ரெண்டு லைட்ட மாட்டி வச்சிருக்க. கரண்டு பில்லைப் பார்த்தா எனக்குத்தான் கண்ணு இருட்டும்.”

“அத நாளைக்கே கழட்டிடறேன்.”

முதலாளி நெற்றியைச் சொறிந்தார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். நால்வரில் மூவருக்கு இந்தக் கடையிலேயே கண்ணாடி செய்துகொடுத்திருந்தார். “பொழுது சாஞ்சப்புறம் பிள்ளைங்களுக்குன்னு ஒரு போர்டு எழுதி வைக்கிறேன்” என்றார் கடைசியில். “வியாபாரம் படுத்துச்சுன்னா உன்னைத்தான் தெருவுல நின்னு கூப்பிடச் சொல்லுவேன்.”

மாதக் கடைசியில் தங்கை வந்தபோது இருட்டறை மூலையில் மேசை இல்லை. சட்டம் விற்கும் பெண் சொல்லி, மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாள். ஓரத்து மரநிழலில் ஒரு சிமெண்டு பலகை; அதில் அவர்; அவர் தொடையை ஒட்டியபடி மகள், மடியில் புத்தகம். எதிரே மற்றப் பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் பழகாத அவருடைய கண்களிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. துயரத்தின் நீர் அல்ல, கூச்சத்தின் நீர்.

“வெளியில கூட்டிட்டு வந்தும் முட்டைய அடைகாக்கிற மாதிரியே வச்சிருக்கீங்களே மாமா” என்றாள் தங்கை.

“வெளிச்சம் படுது இல்ல?”

“கண்ணுக்குப் படுது.” அவள் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் பேச்சை அன்று எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து, “அக்கா சாவு உங்களாலன்னு நான் நெனச்சதே இல்ல. அன்னிக்கு நீங்க வீட்டுல இருந்திருந்தாலும் தலைவலின்னுதான் நெனச்சிருப்பீங்க” என்றாள்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். வாசல் மணி பக்கத்து வீட்டில் அடிப்பதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். “சரிம்மா” என்றார்.

ஆறு மாதம் கழித்து மருத்துவர் மீண்டும் விழியின் நீளத்தை அளந்தார். “வளர்ந்திருக்கு” என்றார் முதலில். பிறகு, “ஆனா நான் பயந்த வேகத்துல இல்ல. சொட்டா, வெளிச்சமா, எது வேலை செஞ்சுதுன்னு கேட்காதீங்க. ரெண்டையும் விட்டுடாதீங்க” என்றார். வளர்ந்த நீளம் திரும்பாது. அது அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீடு திரும்பும் வழியில், ஏதாவது தோன்றுகிறதா என்று தம்மைத் தாமே சோதித்துப் பார்த்தார். போன நாளுக்கும் இந்த நாளுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை மைதானத்தில் அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. “அப்பா, புதுசா ஒரு டெஸ்ட். நான் தள்ளிப் போய் நிக்கிறேன். நீங்க விரலைக் காட்டுங்க. நான் எத்தனைன்னு சொல்றேன்” என்றாள். எண்பலகையே தெரியாத கண்களுக்கு விரல் காட்டி எண்ணச் சொல்லுவது அவருடைய தொழிலில் உள்ளதுதான். அறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். “இத மனப்பாடம் பண்ண முடியாது” என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

“பக்கத்துலயே நில்லு.”

“பக்கத்துல நின்னா அது டெஸ்டா?”

அவள் பத்தடி போய்த் திரும்பினாள். அவர் மூன்று விரல் காட்டினார். “மூணு.” பந்து விளையாடுபவர்களைத் தாண்டிப் போய் நின்றாள். இரு கையும் சேர்த்துக் காட்டினார். “ஏழு.” இன்னும் போனாள். கோல் கம்பங்களைக் கடந்து, மறுகோடிச் சுவர்வரை போய் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கையை உயர்த்தி நான்கு விரலைக் காட்டினார்.

அவள் முன்னால் சாய்ந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஊகித்து ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். பத்துக்குள் எதுவாவது ஒன்று.

“தெரியலப்பா” என்று அங்கிருந்தே கத்தினாள்.

“சபாஷ்” என்றார் அவர்.

அது அவளுக்கு எட்டவில்லை. “என்ன?” என்று கேட்டாள். அவர் திரும்பச் சொல்லாமல், உயர்த்தியிருந்த கையை, நீ விளையாடு என்பதுபோல் அசைத்தார். அவள் ஒரு கணம் நின்றாள்; பிறகு பந்தின் பின்னால் ஓடிய கூட்டத்தோடு சேர்ந்து ஓடினாள். அந்தத் தூரத்தில் பிள்ளைகள் எல்லோரும் அவருக்கு ஒன்றுபோலவே தெரிந்தார்கள். தம் கண்ணாடியை மாற்றி வெகுகாலம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது. எது தம் பிள்ளை என்று பிரித்தறிய முடியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க ஒரு கால் அசைந்தது. அதை இழுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.